லீவில் வேலைக்குப் போன பையன்

"இன்ட்ரஸ்ட் இல்லீங்க, நிறுத்திட்டான்." கல்யாணப் பந்தியிலோ எழவு வீட்டுத் திண்ணையிலோ ஒருவர் பையனின் காலேஜ் படிப்பைப் பற்றிக் கேட்டால் கொங்குப் பக்கம் கிடைக்கிற பதில் பெரும்பாலும் இதுதான். கேட்டவரும், "அதுவுஞ் செரிதான், இன்னிக்குப் படிச்சவனுக்கு மட்டும் என்ன வேலை வெச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு மழைப் பேச்சுக்குப் போய்விடுவார். ரெண்டு வருடம் கட்டின பணம், பன்னிரண்டாம் வகுப்பு வரை கண்விழித்துப் படித்த ராத்திரிகள், எட்டில் மூன்று செமஸ்டர் தாண்டிவிட்ட கணக்கு, எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அமுங்கிப் போகும். அந்தச் சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. நாட்டம் போய்விட்டது என்பது கடைசியில் சொல்லப்படுவது. அதற்கு முன்னால் தேதி போட்டுச் சொல்லக்கூடிய நாலைந்து காரியங்கள் நடந்திருக்கும். வருகைப் பதிவேட்டையும் கட்டண ரசீதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் அவை ஒவ்வொன்றாகத் தெரியும்.

வறுமை என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்துவிட்டது. அதில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அவர்களிலும் பாதியில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், சொந்தமாக இருபது தறி ஓடுகிற வீட்டுப் பையனும் நிற்கிறான். இந்த இருவருக்கும் பொதுவான ஒன்றைத் தேடினால்தான் விஷயம் பிடிபடும்.

அந்தப் பொதுவான ஒன்று, என் கணிப்பில், முதல் வருடம் முடிந்து வருகிற லீவு.

இரண்டாம் செமஸ்டருக்கும் மூன்றாம் செமஸ்டருக்கும் நடுவே

திருப்பூரையோ அவிநாசியையோ சுற்றியுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் செமஸ்டர் பரீட்சை முடிகிறது. பையன் வீட்டில் சும்மா இருக்கிறான். "ரெண்டு மாசம் வூட்ல உக்காந்துட்டு என்ன பண்றே, கம்பெனிக்கு வா" என்று மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ கூப்பிடுகிறார்கள். பனியன் கம்பெனியில் கைமடி என்கிற உதவியாள் வேலைக்கோ, செக்கிங்குக்கோ, அயர்ன் டேபிளுக்கோ ஆள் எப்போதும் வேண்டும். சான்றிதழ் கேட்கமாட்டார்கள், இன்டர்வியூ கிடையாது, திங்கட்கிழமை காலையில் போய் நின்றால் போதும். வேறு ஊர்களில் பத்தொன்பது வயதுப் பையன் வேலை தேடி அலைய வேண்டும். இங்கே வேலை தெருமுனைக்கு வேன் அனுப்பி அவனை அழைத்துப் போகிறது.

ஷிப்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட், 600 ரூபாய். வாரத்துக்கு ஆறு நாள், 3,600. சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு. அரசுப் பள்ளியில் படித்துவந்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில்தான் தொடங்கியது. பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ரெண்டும் நல்ல திட்டங்கள், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அந்த ஆயிரத்தை இரண்டு நாளில் சம்பாதித்துவிடுகிற ஊரில் அது ஒருவனைக் கல்லூரியில் பிடித்து வைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

லீவில் வேலைக்குப் போவதை நான் தப்பென்று சொல்லவில்லை. தறிச்சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலை ஒன்றும் புதிதில்லை. சிக்கல், லீவு முடிகிற தேதியும் கம்பெனிக் காலண்டரும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதில் வருகிறது. மூன்றாம் செமஸ்டர் ஜூலையிலோ ஆகஸ்டிலோ தொடங்கும். அந்த நேரம் பார்த்து ஒரு ஷிப்மென்ட் ஓடிக்கொண்டிருக்கும். "இந்த ஆர்டர் முடியட்டும், நீ பாதியில போனா லைன் நின்னு போயிரும்" என்பார் சூப்பர்வைசர். பையனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, தான் இல்லாவிட்டால் ஒன்று நின்றுபோகும் என்ற மரியாதை கிடைக்கிறது. கல்லூரியில் அவன் வராவிட்டால் எதுவும் நிற்காது. இந்த வித்தியாசத்தைப் பெற்றோரும் கவனிப்பதில்லை, வகுப்பாசிரியரும் கவனிப்பதில்லை.

ஆர்டர் முடிவதற்குள் ஆடிப் பதினெட்டு வரும். பிறகு தீபாவளி நோம்பி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் போனஸ் தீபாவளிக்கு முன்னால்தான் கைக்கு வரும், அதுவரை நின்றவர்களுக்குத்தான் வரும். "போனஸ் வாங்கிட்டு அடுத்த நாளே காலேஜ் போயிர்றேன்" என்று பையன் மனசாரத்தான் சொல்கிறான். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். மூன்றாம் செமஸ்டரின் எழுத்துத் தேர்வு நவம்பர், டிசம்பரில். போனஸ் கவரோடு அவன் வெளியே வரும்போது அந்த செமஸ்டருக்கான வருகைக் கணக்கு மூடப்பட்டிருக்கும்.

அரியர் வேறு, ஷார்டேஜ் வேறு

இந்த ஒரு வேறுபாடு தெரியாததால் நின்றவர்கள் ஏராளம். ஊரில் எல்லாரும் கேட்பது "எத்தனை அரியர்?" என்றுதான். பையனும் அதற்குத்தான் பயப்படுகிறான். உண்மையில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் அரியர், அதாவது தவறிய தாள், யாரையும் வெளியே தள்ளுவதில்லை. முதல் செமஸ்டரில் தவறிய பாடத்தை ஏப்ரல்-மே, நவம்பர்-டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து பி.இ. சேர்ந்தவருக்குப் பட்டம் முடிக்க 14 செமஸ்டர், அதாவது 7 வருடம் உண்டு. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு 12 செமஸ்டர். அதையும் தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது கதவு திறந்ததுண்டு. 2001-02க்குப் பிறகு அரியரோடு நின்றுபோனவர்கள் திரும்ப எழுதலாம் என்று 2021 இறுதியில் சிறப்பு வாய்ப்பு தரப்பட்டது. நாற்பது வயதை நெருங்கியவர்கள் ஹால் டிக்கெட்டோடு போய் எழுதினார்கள்.

வெளியே தள்ளுவது ஷார்டேஜ், அதாவது வருகைக் குறைவு. அந்த செமஸ்டரின் எல்லாப் பாடங்களின் பீரியட்களையும் கூட்டிப் பார்த்து 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். பின்னம் வந்தால் அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சரிசெய்வார்கள், ஆகவே 74.5 இருந்தால் 75 ஆகிவிடும். 65 முதல் 74 வரை இருந்தால் மருத்துவச் சான்றிதழோ விளையாட்டில் கலந்துகொண்ட சான்றிதழோ கொடுத்துப் பரீட்சை எழுத அனுமதி கேட்கலாம். காண்டோனேஷன் என்று பையன்கள் சொல்வது இதைத்தான். 65க்குக் கீழே போனால் பரீட்சையும் எழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அதே செமஸ்டரை அடுத்த கல்வியாண்டில் திரும்பப் படிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம், ஆனாலும் எல்லைக்கோடுகள் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். கலை அறிவியல் கல்லூரிகளில் கொஞ்சம் இளக்கம் உண்டு. 65க்குக் கீழே போனவர் அந்த முறை எழுத முடியாமல் அடுத்த முறை எழுதுவது, 50க்கும் கீழே போனால் மட்டும் செமஸ்டரைத் திரும்பப் படிப்பது என்பது பல இடங்களில் நடைமுறை. எந்தக் கல்லூரியானாலும் சேர்ந்த வருடத்தின் ஒழுங்குமுறை (ரெகுலேஷன்) புத்தகத்தில் இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது அப்பாவும் பையனும் சேர்ந்து உட்கார்ந்து படித்துவிட வேண்டும்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். செமஸ்டருக்கு 90 வேலை நாள், வாரம் 5 நாள் வீதம் 18 வாரம். பையன் ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் தாமதமாக வருகிறான். 15 நாள் போயிற்று. மீதி 15 வாரத்தில் வாரத்துக்கு ஒரு நாள், அவசரத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று கம்பெனிக்குப் போகிறான். இன்னொரு 15 நாள். நடுவில் காய்ச்சல் என்று 2 நாள் படுக்கிறான். மொத்தம் 32 நாள் லீவு, வந்தது 58 நாள், சதவீதம் 64. முடிந்தது. இந்தப் பையன் கல்லூரியை விட்டுவிட்டதாக நினைக்கவே இல்லை. பாதிக்கு மேல் வந்திருக்கிறான், பரீட்சைக்குத் தயாராகவும் இருந்திருக்கலாம். கடைசி வாரத்தில் நோட்டீஸ் போர்டில் பெயரைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், மூன்றாம் செமஸ்டர் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். நவம்பரில் நிறுத்தப்பட்டவனுக்கு அடுத்த வாய்ப்பு வரும் ஜூலையில். நடுவில் எட்டு மாதம். அந்த எட்டு மாதம் அவன் எங்கே இருப்பான் என்று சொல்லவா வேண்டும்? கைமடியில் இருந்தவன் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஓவர்லாக் தையல் பழகியிருப்பான், பீஸ் ரேட்டுக்கு மாறியிருப்பான், தவணையில் வண்டி எடுத்திருப்பான். ஜூலையில் திரும்பிப் போவதென்றால் ஜூனியர்களோடு உட்கார வேண்டும், அந்த செமஸ்டரின் கட்டணத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், வண்டித் தவணையையும் கட்ட வேண்டும். அப்போது வீட்டில் யாராவது கேட்டால் அவன் சொல்கிற சொல்தான் 'இன்ட்ரஸ்ட் இல்லை'. அவமானத்தைச் சொல்வதைவிட அது சுலபம்.

எம்-1 எங்கே இடறுகிறது

அரியர் வெளியே தள்ளுவதில்லை என்றேன். ஆனால் தள்ளுவதற்கு முந்தைய வேலையை அதுதான் செய்கிறது. முதல் செமஸ்டர் முடிவு வந்து, பள்ளியில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பையனுக்கு எம்-1 என்கிற முதல் செமஸ்டர் கணக்குத் தாளில் தவறியது என்றால் அவனுக்குத் தன்மேலிருந்த நம்பிக்கை ஒரே நாளில் சரிந்துவிடுகிறது. கல்லூரிக்குப் போக மனம் வராததற்கும், கம்பெனியில் கிடைத்த மரியாதை இனித்ததற்கும் பாதிக் காரணம் அந்த ஒரு தாள்.

தவறுவதற்கான காரணம் பதினோராம் வகுப்பில் இருக்கிறது. மார்க்குக்குப் பேர்போன நம் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் ஒரு காலத்தில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் பார்க்காமல், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருட்டினார்கள். 2017-18ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்ததன் முக்கியமான நோக்கமே இதைத் தடுப்பதுதான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் பழைய வழக்கம் திரும்பி வந்தால் அதன் விலையை முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள்தான் கொடுப்பார்கள். எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் என்று நுண்கணிதத்தின் அடிவாரம் முழுக்கப் பதினோராம் வகுப்பில்தான் இருக்கிறது.

எம்-1 என்பது 2021 ஒழுங்குமுறையில் சேர்ந்தவர்களுக்கு ஐந்து அலகு: அணிகள், வகை நுண்கணிதம், பலமாறிச் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகைகள். நாலு அலகு நுண்கணிதத்தின் மேல் நிற்கிறது. பதினோராம் வகுப்பு விட்டுப்போனவனுக்கு இரண்டாவது அலகின் முதல் வாரத்திலேயே ஆசிரியர் பேசுவது புரியாது. அதுவும் ஆங்கிலத்தில் என்றால், தமிழ்வழியில் படித்துவந்தவனுக்கு எது புரியவில்லை என்றே புரியாது. கணக்கா, மொழியா? 'டெரிவேட்டிவ்' என்பது தான் படித்த வகைக்கெழுதான் என்று ஒரு ஆள் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். பதினோராம் வகுப்புக் கணக்குப் பாடநூலின் தமிழ், ஆங்கிலப் பதிப்பு இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஐம்பது சொல்லை எழுதிக்கொள்வது ஒரு சாயங்கால வேலை. இரண்டு நூலிலும் பாட வரிசை ஒன்றுதான் என்பதால் தேட வேண்டியதுகூட இல்லை.

தேறுவதற்கான வழியும் கணக்குதான். அந்த ஒழுங்குமுறை வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி 10, 13 மதிப்பெண் கேள்வி 5, 15 மதிப்பெண் கேள்வி 1, ஆக 100. ஒவ்வொரு அலகிலிருந்தும் இரண்டு சிறு கேள்வியும், இது அல்லது அது என்று ஒரு 13 மதிப்பெண் கேள்வியும் வரும். ஒரு அலகு ஏறக்குறைய 17 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் குறைந்தது 45 வாங்க வேண்டும், அகமதிப்பீட்டோடு சேர்த்து 50 வர வேண்டும். மூன்று அலகைச் சுத்தமாகப் படித்தால் 51. அணிகள் அலகுக்கு நுண்கணிதம் ஏறக்குறைய தேவையே இல்லை, பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாடமும் அணிகள்தான். ஐகன் மதிப்பு, கேலி-ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவத்தைச் சுருக்குவது என்று மூன்று வகைக் கணக்கை இருபது தடவை போட்டுப் பார்த்தவனுக்கு அந்த 17 கைக்குள் இருக்கும். அடுத்ததாக பலமாறிச் சார்புகளை எடுக்கலாம். பகுதி வகையிடலுக்கு வகையிடல் சூத்திரங்கள் பதினைந்து தெரிந்தால் போதும். மூன்றாவதற்குத் தொகையிடலில் இறங்கித்தான் ஆக வேண்டும். பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை எடுத்து உட்கார வேண்டிய இடம் அது. ஐந்து அலகையும் அரைகுறையாகப் படித்துவிட்டு 38, 40 என்று நிற்கிறவர்கள்தான் அதிகம்.

அகமதிப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஒழுங்குமுறையில் தியரித் தாளுக்கு 20 ஆக இருந்தது 2021ல் 40 ஆகிவிட்டது. வகுப்புக்கு வராதவன் ஷார்டேஜில் மாட்டாவிட்டாலும் இந்த 40ல் இழப்பான். முன்பு "கடைசி மாசம் படிச்சுத் தாண்டிக்கலாம்" என்ற அண்ணன்களின் அறிவுரை இப்போது செல்லாது.

கட்டணம், ரசீது, சான்றிதழ்

பணத்தால் நிற்பது எப்படி நடக்கிறது என்றால், பெரும்பாலும் மொத்தப் பணம் இல்லாமல் அல்ல. தேதி ஒட்டாமல்தான். 2017ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த கணக்கில் கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. இதன் மேல் காலேஜ் பஸ் கட்டணம். நம் பக்கம் கல்லூரிகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன, பஸ் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகிறது. முதல் வருடம் சீர்வரிசைக்கு எடுப்பதுபோல வீடே சேர்ந்து புரட்டிவிடும். இரண்டாம் வருடம் ஜூலையில் கேட்கும்போது கை வறண்டிருக்கும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகை வர மாதக்கணக்காகும். "முதல்ல கட்டுங்க, வந்ததும் திருப்பித் தர்றோம்" என்று அலுவலகத்தில் சொல்லும்போது, அந்த 'முதல்ல' முடியாமல்தான் பையன் கம்பெனிக்குப் போகிறான்.

கடைசித் தேதிக்கு முன்னால் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இத்தனை தவணை, இந்தத் தேதிகள் என்று தெளிவாக எழுதி, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு கொடுக்கிற கடிதம் கெஞ்சலாகிவிடும், முன்னால் கொடுத்தது ஏற்பாடாக இருக்கும். எதைச் செய்தாலும் கட்டணம் கட்டாத காரணத்துக்காகப் பையன் வகுப்புக்குப் போகாமல் இருக்கக் கூடாது. கட்டணத்தைப் பிறகு கட்டிவிடலாம், பீரியடைப் பிறகு வாங்க முடியாது. முதல் பட்டதாரிச் சலுகை 2010-11 முதல் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவருக்கு, அதுவும் கலந்தாய்வில் வந்தவருக்கு மட்டும். கமிஷனுக்கு ஆள் பிடித்து நிர்வாக இடத்தில் சேர்த்துவிடுகிறவர் இதைச் சொல்வதில்லை.

கல்விக் கடன் எடுத்தவர்களுக்கு இன்னொரு அடி. படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கிடையாது என்பது, படித்து முடிப்பவருக்கான ஏற்பாடு. பாதியில் நின்றால் வங்கி முன்னதாகவே திருப்பிக் கேட்கலாம். வங்கிக்குத் தெரியாது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டால், ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாவின் பயிர்க்கடன் வரை அது போய் இடிக்கும்.

உண்மையிலேயே விலகுவது என்று முடிவானால் மூலச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குங்கள். "மீதி வருசத்து ஃபீஸையும் கட்டினாத்தான் டி.சி." என்று ஏதாவது கல்லூரியில் சொன்னால், அப்படிக் கேட்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தன் அங்கீகார விதிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மூலச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரில் அறிவிக்கை விட்டிருக்கிறது. அதே அறிவிக்கையில் பணம் திரும்பும் கணக்கும் உண்டு. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை, அதற்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே "இது நமக்கு ஆவாது" என்று தெரிந்த பிள்ளை தயங்கித் தயங்கித் தீபாவளி வரை இழுப்பதால் வீட்டுக்கு எத்தனை ஆயிரம் போகிறது என்பதை இந்தக் கணக்கில் பார்க்கலாம்.

காசுள்ள வீடு

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டி (ரிக்) வைத்திருக்கிறவர்கள், சங்ககிரி லாரிக்காரர்கள், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் வீட்டில் கதை வேறு. வடக்கே போன ரிக்குக்குக் கணக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும். அப்பாவுக்கு ஒரு நெஞ்சுவலி வந்தால் போதும், பையன் மேனேஜராகப் போய்விடுவான். "எப்படியும் இதத்தானே பாக்கப் போறான்" என்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த வீடுகளே ஏழெட்டு வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போகும்போது, "பையன் என்ன படிச்சிருக்கறாப்ல?" என்ற முதல் கேள்வியில் தடுமாறுவதையும் பார்க்கிறோம். இருபது ஏக்கர் காடும் இரண்டு ரிக்கும் இருந்தும் ஜாதகம் திரும்பி வருகிறது. வேலைக்கு வேண்டாத பட்டம் கல்யாணத்துக்கு வேண்டியிருப்பது சரியா தப்பா என்பது தனிக் கட்டுரைக்கான பேச்சு.

பெண்பிள்ளைகள் நிற்பது இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. "நல்ல எடம் வந்திருக்குது, மீதிய அங்க போயிப் படிச்சுக்கட்டும்" என்று மூன்றாம் வருடத்தில் முடித்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் ஒப்புக்கொண்டுதான் செய்கிறார்கள், பொய் சொல்லி அல்ல. நடைமுறைதான் இடிக்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் பி.காம். படிக்கிற பெண்ணை ராசிபுரத்துக்குக் கொடுத்தால், அவள் பாரதியார் பல்கலைக்கழகத்திலிருந்து பெரியார் பல்கலைக்கழகத்துப் பரப்புக்குப் போகிறாள். பாடத்திட்டம் வேறு, இடையில் மாற்றிக்கொள்வது பெரும் அலைச்சல், தினம் வந்துபோகவும் முடியாத தூரம். முகூர்த்தம் குறிக்கும்போது செமஸ்டர் தேதியையும் ஜாதகத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். தையில் கல்யாணம் என்றால் ஆறாவது செமஸ்டர் தொடங்கின கையோடு நின்றுபோகும். வைகாசி என்றால் ஏப்ரல் பரீட்சையும் வைவாவும் முடிந்திருக்கும். நான்கு மாத வித்தியாசம். பெரியவர்கள் இரண்டு பேர் பேசினால் தள்ளி வைத்துவிடக்கூடிய நான்கு மாதம்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது

நிற்கிறவர்களில் மிகப் பலர் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம். வீட்டில் உண்மையாகவே கஷ்டம் வந்து, ஒரு வருடம் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென்றே விதியில் ஒரு கதவு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறையில் அதன் பெயர் 'பிரேக் ஆஃப் ஸ்டடி'. படிப்புக் காலத்தில் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் ஒரு வருடம். என்ன காரணம், எப்போது திரும்ப வருவோம் என்பதை எழுதி, கல்லூரி முதல்வர் வழியாக முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் வேலைக்குப் போக வேண்டும்.

சும்மா நின்றுவிட்டு ஷார்டேஜில் மாட்டிய வருடத்தை இந்த இடைவெளியாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இரண்டு வழியிலும் போவது ஒரே ஒரு வருடம்தான், ஆனால் மதிப்பு ஒன்றல்ல. அனுமதியோடு இடைவெளி எடுத்தவர், எல்லாத் தாளையும் முதல் முறையிலேயே தேறி பத்துக்கு 8.5 சராசரிப் புள்ளி எடுத்து ஐந்து வருடத்துக்குள் முடித்தால், டிஸ்டிங்ஷனே வாங்கலாம். வருகை குறைந்து ஒரு முறை நிறுத்தப்பட்டவருக்கு டிஸ்டிங்ஷன் கிடையாது. முதல் வகுப்புக்கு அவருக்கும் வழி உண்டு, அதுவும் ஐந்து வருடத்துக்குள் முடித்தால். ஒரு தாள் கொடுத்ததும் கொடுக்காததும் செய்கிற வித்தியாசம் இது.

திரும்ப வரும்போது கவனிக்க வேண்டியது ஒழுங்குமுறை மாறியிருக்கிறதா என்பது. 2017 ஒழுங்குமுறையில் சேர்ந்தவர் இடைவெளிக்குப் பிறகு 2021 ஒழுங்குமுறை வகுப்பில் வந்து உட்கார்ந்தால், சமன்செய்ய சில தாள்களைக் கூடுதலாக எழுத வேண்டிவரும். எவை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் முதல் நாள் வகுப்புக்குப் போகக் கூடாது. கடைசி செமஸ்டரில் இரண்டு தாள் மீதியிருக்கிறது என்று தெரிந்து திகைத்தவர்கள் உண்டு. இடைவெளி எடுத்த வருடமும் அந்த 14 செமஸ்டருக்குள்தான் கணக்காகும்.

அந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2020ல் முதல் செமஸ்டர் சேர்ந்தவருக்கு 14வது செமஸ்டர் 2027 ஏப்ரல்-மே பரீட்சை. 2021ல் சேர்ந்தவருக்கு 2028. எட்டு செமஸ்டரும் உட்கார்ந்து படித்துவிட்டு, மூன்று நான்கு அரியரோடு பட்டம் வராது என்று முடிவுகட்டி இன்றைக்குப் பல்லடத்தில் பவர் டேபிளிலோ கோவை கணபதியில் சிஎன்சி மெஷின் முன்னாலோ நிற்கிற தம்பிகளில் பலருக்கு அந்தத் தேதி இன்னும் வரவில்லை. இவர்களுக்கு வருகைப் பதிவு இனி ஒரு பிரச்சினையே இல்லை. பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு ஒரு நாள் போய், எந்தெந்தத் தாள், இப்போது அதன் பாடக்குறியீடு என்ன, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏப்ரல்-மே பரீட்சைக்கும், நவம்பர்-டிசம்பர் பரீட்சைக்கும் சில வாரம் முன்பே பதிவு முடிந்துவிடும். திங்கட்கிழமை ஒன்றரை ஷிப்டில் பாதியை விட்டுக்கொடுத்தால் போய்விட்டு வந்துவிடலாம்.